குச்சியிலா, மண்ணிலா

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. கேட்டவர் அசெகென்யே. உகாண்டாவில், தேசோ பக்கம், ஆறு ஏக்கரில் மரவள்ளி போடும் ஐம்பது வயதுப் பெண். கேட்கப்பட்டவன் நான். சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டவன் எழுத உட்கார்ந்தால் என்ன வரும்? இலக்கியம் வரும்.

2

முதல் தொடக்கம்: "மழை விட்ட காலையில், ஆராய்ச்சி நிலையத்து லாரியில் நம்பிக்கை வந்து இறங்கியது." [நம்பிக்கை லாரியில் வராது. அடித்துவிட்டேன்.]

இரண்டாவது: "எபியாங்கு என்ற அதிகாரி நேர்மையானவர். அவருக்கு எதுவும் தெரிந்திருக்க"

இந்த எபியாங்குவை மூன்று பக்கம் வளர்த்தேன். கண்ணாடி போட்டுவிட்டேன், குடிப்பழக்கம் கூட கொடுத்துப் பார்த்தேன். ஆள் நிற்கவில்லை. அப்படி ஓர் அதிகாரியே கிடையாது. லாரியில் வந்தவன் நான்தான். பதினெட்டு வருடமாக அந்த நிலையத்தில் மரவள்ளிப் பூக்களைக் கலப்புச் செய்கிறவன். டாக்டர் பட்டம் இல்லை. ஊர்தான் அப்படிக் கூப்பிடுகிறது.

3

அசெகென்யே நிலத்தில் இருந்தது பழைய ரகம். தேமல் வைரஸ் பிடித்து, இலையெல்லாம் மஞ்சள் திட்டும் சுருக்கமுமாக, பார்க்கச் சகிக்காது. ஆனால் கிழங்கு வருடம் தவறாமல் இறங்கும். எங்கள் புது ரகத்தில் தேமலை எதிர்க்கும் மரபணு இருந்தது.

"இதைப் பிடுங்கி எரிச்சிடுங்கம்மா. பக்கத்து நிலத்துக்கும் பரவும்."

"மூஞ்சி நல்லால்லன்னு புருஷனைத் தள்ளி வைப்பாங்களா டாக்டரே? வேளைக்குச் சோறு போடுதுல்ல?"

"புதுசோட இலையைப் பாருங்க."

"இலையையா திங்கப்போறேன்?" என்று சிரித்தார். என்றாலும் நம்பினார். மூன்று நாள் பிடுங்கி எரித்து, லாரியில் வந்த குச்சியை நட்டார்.

அந்த ஊரில் மரவள்ளிக் குச்சியை விற்கக் கூடாது. நடக் கேட்டவருக்கு இல்லை என்றும் சொல்லக் கூடாது. மறு வருடம், கிழங்கு தோண்டுவதற்கு முன்பே, பச்சைப்பசேலென்று நின்ற செடியைப் பார்த்து இருபத்து மூன்று வீட்டார் கேட்டார்கள். இருபத்து மூன்று வீட்டுக்கும் கட்டுக் கட்டாகக் கொடுத்தார்.

(ஒரு சிறு குறிப்பு. தேமலைத் தடுக்கும் மரபணு எல்லா வைரஸையும் தடுக்காது. இன்னொன்று இருக்கிறது. இலையில் அதிகம் காட்டாது. கிழங்கை உள்ளேயே பழுப்பாக அழுகவைக்கும். நடுகிற குச்சி வழியாகவே ஊர்விட்டு ஊர் போகும்.)

4

அறுவடையில் பக்கத்து நிலத்து ஒபொலொட் ஒரு கூடைக் கிழங்கைக் கொண்டுவந்து அசெகென்யே முன்னாலேயே வெட்டினான். உள்ளே எல்லாம் பழுப்பு.

"உங்க கையால வாங்கின குச்சி, அக்கா. நாய்கூட மோந்துட்டுப் போயிடுச்சு."

"என்னுதும் அப்படித்தானேடா போச்சு."

"அப்ப உங்க மண்ணுல என்னமோ இருக்கு. அதைக் கட்டி எங்களுக்கும் கொடுத்துட்டீங்க."

அந்த வாரம் பொதுவில் வைத்த கேழ்வரகுக் கள் பானையைச் சுற்றி எல்லோரும் உறிஞ்சிக் குடிக்கும் நீளக் குழல்களோடு உட்கார்ந்திருந்தார்கள். அசெகென்யே தன் குழலோடு வந்து நின்றார். நகர்ந்து இடம் விட ஒருவருக்கும் தோன்றவில்லை. நானும் அங்கேதான், வாயில் குழலோடு இருந்தேன். என்னைப் பார்த்துக் கேட்டார்:

"டாக்டரே, குச்சியில இருந்துச்சா, என் மண்ணுல இருந்துச்சா?"

"ஆராய்ச்சி நடக்குதும்மா" என்றேன்.

5

[மூன்றாம் பகுதியிலேயே வந்திருக்க வேண்டிய பத்தி. தள்ளித் தள்ளி இங்கே வந்துவிட்டது.]

லாரியில் குச்சி ஏற்றிய காலையில், அந்தக் குச்சிகளை எடுத்த தாய்ச்செடி ஒன்றின் கிழங்கை வெட்டிப் பார்த்தேன். நாலு இடத்தில் பழுப்பு. மேலதிகாரியிடம் காட்டினேன்.

"தண்ணி தேங்கின இடம்யா அது. ஏத்து, ஏத்து."

அது தண்ணீரால் வந்ததில்லை என்று எனக்குத் தெரியும். ஏற்றினேன்.

6

முடிவு, ஒன்று: எங்கள் நிலையம் இப்போது அந்தப் பழைய ரகத்தைத் தேடுகிறது. இரண்டு நோயையும் தாங்கியது அதுதானாம், கலப்புக்கு வேண்டுமாம். கரையான் புற்றுக்குப் பின்னால் ஒரே ஒரு செடி தப்பி நிற்பதாக எழுதிப் பார்த்தேன். பொய். அசெகென்யே ஒன்று விடாமல் பிடுங்கினார். பக்கத்தில் நின்று சரிபார்த்தவன் நான்.

முடிவு, இரண்டு: அதே பானை, அதே ஆட்கள். நான் எழுந்து நிற்கிறேன். "எல்லாரும் கேளுங்க. தப்பு இந்தம்மா மண்ணுல இல்ல. அந்தக் குச்சியைத் தெரிஞ்சே கொண்டுவந்தது"

இந்த வாக்கியத்தை ஒன்பது முறை தொடங்கிவிட்டேன்.

7

இதை ஏன் தமிழில் எழுதுகிறாய் என்று ஒரு நண்பர் கேட்டார். தாய்மொழி, வேர் என்று ஏதோ உளறினேன். உண்மை வேறு. அந்த ஊரில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

நேற்று அசெகென்யே நிலத்து வழியாக மோட்டார் சைக்கிளில் போனேன். ஆறு ஏக்கரும் தரிசு. மண் கெட்டுவிட்டது என்று போட்டு வைத்திருக்கிறார். குச்சி கேட்டு யாரும் வருவதில்லை. வேலியோரம் நின்றவர் கையசைத்தார். நானும் அசைத்தேன். வெட்கமாக இருந்தது, வண்டியை நிறுத்தவில்லை.

மூன்றாவது முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் போக நேர்ந்தால், குச்சியில்தான் இருந்தது என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். எனக்கு வேலை இருக்கிறது. நாளைக் காலை இன்னொரு புது ரகத்தை லாரியில் ஏற்ற வேண்டும். இலை நன்றாகத்தான் இருக்கிறது. கிழங்கை இன்னும் வெட்டிப் பார்க்கவில்லை.