வாலாஜாபாத்துக்கு ஒரு ஸ்வெட்டர்

பங்குனி வெயிலில் வாலாஜாபாத்துக்கு யாராவது ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போவார்களா? என் ஆத்துக்காரர் ஸௌந்தரராஜன் போனார். ஹைஸ்கூலில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறவர். இரண்டு மாதமாகச் சனிக்கிழமை ஆனால் போதும், "வாலாஜாபாத்துல ஸ்பெஷல் கிளாஸ்" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை முகமெல்லாம் பூரிப்பாகத் திரும்புவார். அந்தப் பூரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பார்த்து அவர் அப்படிப் பூரித்ததாக ஞாபகமில்லை.

ஒரு திங்கட்கிழமை துவைக்க எடுத்த சட்டைப் பையில் பட்டு நூல் இருந்தது. மூன்று துண்டு, மூன்றும் ஊதா, ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் வெளுப்பு. காஞ்சிபுரத்தில் குடியிருப்பவளுக்கு இதற்கு அர்த்தம் யாரும் சொல்லித்தர வேண்டாம். புடவைக்குச் சொன்னால், நிறம் சரிதானா என்று பார்க்கச் சாயக்காரர் இப்படித்தான் மாதிரி நூல் கொடுப்பார். எனக்கு ஊதா எடுக்காது என்று இவரே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அப்படியானால் யாருக்கு எடுக்குமாம்?

பிள்ளையார்பாளையத்தில் சாயக்கார வேலாயுதம் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"யாருக்குப்பா அந்தப் புடவை?"

"பொடவையா? எனக்குத் தெரியாதுமா. சாரு வந்துக்கினே இருக்காரு. கத்திரிப்பூ கலரு குட்த்தா இல்லன்றாரு, வாடாமல்லி குட்த்தாலும் இல்லன்றாரு. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்குதாம். கண்ணுல நிக்குது, கைல வரமாட்டுதேன்னு பொலம்புறாரு."

கண்ணில் நிற்கிறாளாம்!

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் நூலை முகத்துக்கு நேரே நீட்டினேன். "யார் அவ?"

திருதிருவென்று முழித்தார். பிறகு சிரித்தார், எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. அலமாரியிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே செய்தித்தாளுக்கு நடுவில் ஒரு சின்னச் செடி அமுங்கிக் கிடந்தது. நகத்தளவு பூ, பழுப்பாக.

"மலை வயலட். காஞ்சா நிறம் போயிடறது. அதான், செடியில இருக்கறப்போ எப்படி இருந்ததுன்னு நூல்ல பிடிச்சு வெச்சுக்கப் பார்த்தேன். அந்த மலை முழுக்க ஒரே ஒரு பாறை இடுக்குல, கொஞ்சம் செடிதான் இருக்கு."

ஸ்வெட்டர் மலைக் குளிருக்கா! அப்பாடா என்றிருந்தது. அழுதுகூட விட்டேன். "முன்னாடியே சொல்லப்படாதா? எந்த மலை?"

புத்தகத்தை மூடினார். "ஏதோ ஒரு மலை."

"அதுக்குப் பேர் கிடையாதா?"

புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் அண்ணா கோதண்டபாணிக்கு ராஜவீதியில் நாட்டு மருந்துக் கடை. போன வருஷம் ஒரு மூலிகைக் கொடி இருக்கும் இடம் தெரிந்ததும் ஆள் விட்டு வேரோடு வாரிக்கொண்டு வந்துவிட்டான். இடத்தைச் சொன்னது யார்? இவரேதான், எங்கள் வீட்டுப் பந்தியில் பாயசம் சாப்பிட்டுக்கொண்டே. பழி மட்டும் எனக்கு; என்னிடம் சொன்னால் அண்ணா காதுக்குப் போய்விடுமாம். நான் இவரை இரண்டு மாதமாகத்தான் சந்தேகப்பட்டேன். இவர் என்னை ஒரு வருஷமாகச் சந்தேகப்பட்டிருக்கிறார். இன்னொருத்தி இருந்திருந்தால்கூட இதற்குள் பேரையும் ஊரையும் கறந்திருப்பேன்.

அந்த வாரமே அண்ணா வந்தான். நான் போய்வந்த பிறகு இவர் பூவின் கதையை வேலாயுதத்திடம் அளந்திருக்கிறார், இருமல் பொடி வாங்கப் போன இடத்தில் வேலாயுதம் அதை அண்ணாவிடம் சொல்லியிருக்கிறார். ஊரெல்லாம் வாய் விடுகிற மனுஷனுக்கு என்னிடம் மட்டும் பூட்டு.

"வத்ஸலா, கஷாயத்துக்கு இந்த வயலட்டை வடக்கேயிருந்துன்னா வரவழைக்கறேன். இங்கேயே மலையில இருக்காமே. மாப்பிள்ளை வாயைத் திறக்க மாட்டேங்கறார். எங்கேன்னு நோக்குத் தெரியுமோ?"

உள்ளே பரீட்சைத் தாள் புரட்டும் சத்தம் நின்றது. தெரியாது என்பதுதான் நிஜம். ஆனால் புருஷன் நம்பாத பெண்டாட்டி என்று பிறந்த வீட்டாரிடம் எவள் ஒப்புக்கொள்வாள்?

"தெரியும்" என்றேன். "சொல்ல மாட்டேன்."

"கூடப் பொறந்தவன்கிட்டேயேவா?"

"உங்கிட்டேதான் சொல்ல மாட்டேன்."

அண்ணா காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்து போனான். அவர் உள்ளிருந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வத்ஸலா, அது எந்த மலைன்னா..." என்று ஆரம்பித்தார்.

"இனிமே வேண்டாம்" என்றேன். "தெரியும்னு சொல்லியாச்சு."