கடைசியில் ஏறுகிற மனுஷன்

என் வீட்டுக்காரர் முப்பத்தோரு வருஷம் பஸ் கண்டக்டர். ரிட்டயர் ஆகியும் அந்தப் புத்தி போகல. எல்லாரும் ஏறின பிறகுதான் அவர் ஏறுவார். நம்ம ஊர்ல செஞ்சா சரி, தொலையட்டும். கண் காணாத தேசத்துல, பெத்த மக கல்யாணத்தன்னிக்கு, டிராம்லயும் அதையே செஞ்சா நான் எங்க போய் முட்டிக்கிறது?

மக தானா பாத்துக்கிட்ட மாப்பிள்ளை. அந்தக் கோவத்துல ரெண்டு வருஷமா அவகிட்ட இவர் ஒரு வார்த்தை பேசல. அழுது ஆர்ப்பாட்டம் பண்ணித்தான் விமானம் ஏத்தினேன். வந்தும், அவ வீட்டுல தங்க மாட்டாராம். லாட்ஜ்ல ரூம் போட்டோம். பதினோரு மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ். கால் மணி நேரம்தான் குடுப்பாங்க. "ஒன்பதாம் நம்பர் டிராம், பதினோராவது ஸ்டாப். அப்பாவை எப்படியாவது கூட்டிட்டு வந்துடும்மா"ன்னு காலையில போன்ல கெஞ்சினா.

டிராம் வந்தது. நான் ஏறிட்டேன். இவர் கீழ நின்னுக்கிட்டு, "ஏறுங்க, ஏறுங்க, உள்ள தள்ளிப் போங்க"ன்னு அந்த ஊர் ஜனத்தைத் தமிழ்ல ஏத்தி விட்டுட்டிருந்தார். கடைசி ஆள் ஏறினதும் கதவு தானா மூடிக்கிச்சு. வண்டி கிளம்பிடுச்சு.

கண்ணாடியைத் தட்டினேன், கத்தினேன். யாருக்குப் புரியும்? இவர் போன் வேற என் பையில. அடுத்த ஸ்டாப்ல குதிக்காத குறையா இறங்கி நின்னேன். நாலாம் நம்பர் வந்தது, போச்சு. அடுத்த ஒன்பது வந்தது, அதுலயும் ஆளைக் காணோம். இவரைத் தேடப் போனா மக தனியா நிப்பா. பல்லைக் கடிச்சுக்கிட்டு அந்த வண்டியில ஏறிட்டேன்.

மக வாசல்லயே நின்னா. என்னைப் பாக்கல, எனக்குப் பின்னாடி பாத்தா.

"அப்பா வரலையா?"

"கிளம்பினார்டி. டிராம்ல ஏறாம விட்டுட்டார்."

"சரிம்மா, விடு. அவருக்கு இஷ்டமில்ல. நீ எதுக்குக் கதை சொல்ற?"

சத்தியம் பண்ணினேன். அவ நம்பல. உள்ள கூப்பிட்டாங்க. கண்ணைத் துடைச்சுக்கிட்டு கையெழுத்துப் போட்டா. சாட்சிக்கு நானும் மாப்பிள்ளையோட நண்பரும் போட்டோம். அந்த நேரத்துல இவர் கையில கிடைச்சிருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியாது.

பதினொன்றரைக்கு நாங்க படியிறங்கினப்ப, ரோட்டு நடுவுல, தண்டவாளத்தை ஒட்டியே ஒரு ஆள் வேகுவேகுன்னு நடந்து வந்தார். சட்டை முழுக்க வேர்வை. இவரேதான்.

"அடுத்தது வேற நம்பர். நம்பி எப்படி ஏறுறது? தண்டவாளம் எங்கயும் போயிடாதேன்னு இதைப் பிடிச்சே, பதினோரு ஸ்டாப்பையும் எண்ணிக்கிட்டே நடந்துட்டேன்"னு மூச்சு வாங்க என்கிட்ட சொன்னார். நான் திட்டறதுக்கு வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவர் மக பக்கம் திரும்பிட்டார்.

"முடிஞ்சிடுச்சாம்மா?"

ரெண்டு வருஷத்துல அவகிட்ட அவர் பேசின முதல் பேச்சு அது.

"முடிஞ்சிடுச்சுப்பா"ன்னா அவ.