லிங்கபான் ஏரியில் இருபத்துமூன்று வீடுகள்

ஹாங்காங்கில் இருபத்தாறு வருஷம் அடுத்தவர் வீட்டைத் துடைத்துப் பெருக்கிவிட்டு நாடு திரும்பிய சியானா, மறுவாரமே லிங்கபான் ஏரிக்குக் கிளம்பினாள். அவள் பிறந்த இடம் அது. இப்போது பறவைகள் சரணாலயம். தம்பி போரோ அங்கேதான் சுற்றுலாப் படகு ஓட்டுகிறான். உள்ளே போக டிக்கெட் வாங்க வேண்டும் என்பது மட்டும் வாசலுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

"பொறந்த இடத்துக்கு டிக்கெட்டா?" என்றாள். கவுண்டர் பெண் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தாள்.

படகுத்துறையில் அக்காவைக் கண்டதும் போரோ ஓடி வந்து கட்டிக்கொண்டான். "சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறியே!" என்று முன்பலகையில் உட்கார வைத்தான். அவளுக்குப் பின்னால் மணிலாவிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி. படகு கரையை விட்டதும் போரோ தொண்டையைச் செருமிக்கொண்டு ஒப்பிக்க ஆரம்பித்தான்.

"இந்த ஏரியில எந்தக் காலத்துலயும் மனுஷங்க குடியிருந்ததில்லைங்க. கொக்கும் நீர்க்காகமும்தான் இங்க பூர்வகுடி. வில்லருஸ் குடும்பத்து முதலாளிங்க பெரிய மனசு பண்ணி ஏரியை அதுங்களுக்கே எழுதிக் கொடுத்துட்டாங்க."

ஆசிரியர் சிரித்தார். சியானா பலகையைத் தட்டினாள்.

"யாருடா பூர்வகுடி?"

"அக்கா, அப்புறம் பேசிக்கலாம்."

"நாற்பது வருஷமா அப்புறம்தான்! நம்ம அப்பன் யாருடா, நீர்க்காகமா?"

அவள் ஆசிரியர்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். தண்ணீரில் மூங்கில் நட்டு இருபத்துமூன்று வீடுகள் இருந்ததையும், ஒரு காலையில் வில்லருஸின் ஆட்கள் பெட்ரோல் டின்களோடு வந்ததையும் சொன்னாள். துடுப்பை ஓங்கிக்கொண்டு குறுக்கே நின்ற அப்பா ஃபாஸ்தினோ மூன்றாம் நாள் கோரைப் புதருக்குள் பிணமாகக் கிடைத்ததையும் சொன்னாள். அப்போது அவளுக்குப் பதினைந்து, போரோவுக்கு ஒன்பது.

டீச்சரம்மா குடையை மடக்கினார். "நிஜமாப்பா?" என்று போரோவைக் கேட்டார்.

போரோ மோட்டாரை அணைத்தான். அவன் பதில் அக்காவுக்குத்தான் வந்தது. "முதலாளிங்க எழுதிக் கொடுத்த பேச்சைத்தான் சொல்லணும். ஒரு வார்த்தை மாத்தினா படகு போயிடும். எனக்கு மூணு புள்ளைங்க."

"வெக்கமா இல்ல?"

"இருக்கு. தினம் நாலு தடவை இருக்கு. நீ போயிட்ட. அம்மாவுக்கு மூச்சு முட்டி ராவெல்லாம் உக்காந்திருந்தப்போ யார் பக்கத்துல இருந்தா? கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துகிட்டு கோவப்படறது உனக்குச் சுலபம். நான் அவனுங்க முகத்துலயே முழிக்கணும்."

"நான் போனேன். ஆனா அப்பாவை இல்லேன்னு எவன்கிட்டயும் சொல்லலடா!"

அவன் முகம் கறுத்தது. மோட்டாரைக் கிளப்பிப் படகை வெடுக்கென்று திருப்பினான். படகுகளுக்கு எல்லையாகக் கட்டிய மிதவைக் கயிற்றைத் தாண்டிக் கோரைகளுக்கு நடுவே போய் நிறுத்தினான். கோடையில் தண்ணீர் வற்றியிருந்ததால் கருகிய மூங்கில் முனைகள் வரிசையாகத் தெரிந்தன.

"இது எங்க வீடுங்க. அது தச்சர் இசித்ரோ வீடு. அதுக்கு அடுத்தது ரெட்டைப் புள்ளைக்காரி பகிதா..." பாதி வீடுகளுக்கு மேல் குரல் எழவில்லை. மிச்சத்தை அக்கா சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்குக் கோபம் தணியவில்லை, ஏறியது.

கரையில் மேலாளர் காத்திருந்தான்; பேசிய சத்தம் தண்ணீர் மேல் அவன் காது வரை வந்திருந்தது. "கயிறைத் தாண்டக் கூடாதுன்னு தெரியாது? சாவியை வெச்சிட்டுக் கிளம்பு."

தம்பி கெஞ்சுவான் என்று சியானா பயந்தாள். அவன் சாவியை மேலாளரின் காலடியில் போட்டான்.

"நம்ம வரலாறை மாத்திப் பேச நீங்க யாரும்மா?" என்று மேலாளர் அவளிடம் எகிறினான்.

"உன் வரலாறு எரிச்ச வீட்டுக்காரிடா நான்! என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு, இங்க யாரும் இருந்ததில்லேன்னு!"

அவன் அலுவலகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். டீச்சரம்மா ஒரு தாளில் தன் விலாசத்தை எழுதி, "சாட்சிக்கு எங்கே வேணும்னாலும் வர்றேன்" என்று சியானா கையில் திணித்தார்.

வீட்டில் போரோவின் மனைவி மெல்பா சோற்றுத் தட்டை நங்கென்று வைத்தாள். "வந்து ஒரு நாள் ஆகல, என் குடும்பத்தைக் கவுத்துட்டீங்களே, அண்ணி!" சியானா தட்டைப் பிள்ளைகள் பக்கம் நகர்த்தினாள்.

விஷயம் பரவி, விடிந்ததும் பழைய வீட்டுக்காரர்களின் பிள்ளைகள் ஒன்பது பேர் வாசலில் நின்றார்கள். புகார் கொடுக்க எல்லோருமாக நகராட்சிக்குப் போனார்கள். குமாஸ்தா உச்சிவெயில் வரை காக்க வைத்துவிட்டு, நிமிராமலே "என்ன?" என்றான்.

சியானா வாயெடுப்பதற்குள் போரோ மேஜையில் ஓங்கி அறைந்தான். மைக்கூடு உருண்டது.

"கொலை" என்றான். "எழுதுங்க. எங்க அப்பன் பேரு ஃபாஸ்தினோ."