அசனத்தன்று ஒட்டிய சட்டம்

…வலதா இடதா, இதற்குத்தானே காலையிலிருந்து மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருக்கிறார் சுந்தரராஜ், கொட்டகையில் விமானத்தின் இரண்டு இறக்கைகளும் இரண்டு மேசைகளில் எலும்புக்கூடாகக் கிடக்கின்றன, இரண்டின் நடுச்சட்டத்திலும் பலகைகளைச் சாய்வாகச் சீவி ஒன்றின்மேல் ஒன்று படுக்கவைத்து ஒட்டிய ஒட்டு இருக்கிறது, இரண்டும் ஒரே வாரத்தில் ஒட்டியவை, ஒன்றை இவரே ஒட்டினார், மற்றதை ஞானத்திடம் விட்டுவிட்டுப் போனார்… எதை விட்டுவிட்டுப் போனார்? பென்சிலால் எழுதித்தான் வைத்திருந்தார், அதையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்தாயிற்று, சொந்தக் கையாலேயே. ஷார்ஜாவில் இருபது வருஷம் மரவேலை பார்த்து, அறுபது வயதில் சொந்தமாக ஒரு விமானம் செய்யக் கிளம்பிய மனுஷனுக்கு ஒரு பென்சில் எழுத்தைக் காப்பாற்றத் தெரியவில்லை, வெளியே சொன்னால் சிரிப்பார்கள். எதிரே மனைவி நேசபாய், இறக்கைமேல் போர்த்திச் சூட்டில் இறுக்கவேண்டிய பாலியஸ்டர் துணியை விரித்து, இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிவிட்டு நிற்கிறாள், மூடலாமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். துணி போட்டு மூடிவிட்டால் அப்புறம் அந்த ஒட்டை யாராலும் பார்க்க முடியாது.

அந்த மற்றதை ஒட்டிய அன்றைக்குச் சர்ச்சில் அசனம், சபை முழுக்கப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. பசையைக் குழைத்தாயிற்று, நாற்பது நிமிஷத்தில் இறுகிவிடும், அந்த நேரம் பார்த்துக் கமிட்டியிலிருந்து போன், மூன்றாம் பந்திக்குச் சோறு விளம்ப ஆளில்லை என்று… போகாமல் இருந்திருக்கலாமே? எப்படி இருப்பது, பேர் கொடுத்தவர் இவர், பேர் கொடுத்துவிட்டு வராதவனை அடுத்த வருஷ அசனம் வரைக்கும் வைத்துச் சொல்வார்களே. ஒத்தாசைக்கு வந்திருந்தவன் ஞானம், இனயம் கடற்கரையில் மீன்பிடி வள்ளம் கட்டும் ஓடாவி, கிளாம்பைப் போட்டு இறுக்கிவிடு என்று சொல்லிவிட்டு ஓடினார். சாயங்காலம் சாம்பார் வாசம் போகாத கையோடு வந்து பார்த்தால் ஒட்டு நெடுகப் பசை முத்து முத்தாகப் பிதுங்கி நிற்கிறது, என்ன அழகு, சந்தோஷத்தில் ஒரு தூக்குவாளி நிறைய அசனச் சோறு கொடுத்தனுப்பினார். பிதுங்கினால் நல்லதுதானே? வள்ளத்துக்கு நல்லது, தண்ணீர் கசியக்கூடாது, அங்கே பலம் உள்ளமட்டும் முறுக்குவார்கள். இந்தப் பசைக்கோ உள்ளே கொஞ்சம் தங்கினால்தான் பிடிப்பு, எல்லாம் வெளியே வந்துவிட்டால் உள்ளே வெறும் மரத்தோடு மரம், அவ்வளவுதான். பசை டப்பாவோடு வந்த குறிப்பைப் போன வாரம் சும்மா மறுபடி வாசித்தபோதுதான் இது உறைத்தது, அதிலிருந்து தூக்கம் இல்லை.

சோதிக்காமலா இருந்தார்? ஒவ்வொரு குழைப்பிலும் ஒரு துண்டு மரம் ஒட்டி மறுநாள் உடைத்துப் பார்ப்பது வழக்கம், பசை விடக்கூடாது, மரம்தான் கிழியவேண்டும், அன்றைய துண்டிலும் மரம்தான் கிழிந்தது, ஆனால் அந்தத் துண்டை இறுக்கியது இவர் கை, ஞானத்தின் கை இல்லையே… நாணயத்தால் தட்டினார், வலதில் டக், இடதிலும் டக், மறுபடி தட்டினால் இரண்டும் வேறு மாதிரி கேட்கிறது, மூன்றாம் தடவை ஒன்றும் விளங்கவில்லை. ஞானம் இப்போது கத்தாரில், போன் போட்டால், "அண்ணே, நான் முறுக்கினா அது பின்ன விடாது" என்கிறான், அதுதானப்பா பயம் என்று இவர் எப்படிச் சொல்வார், எது என்று கேட்டதற்கு ஜன்னல் பக்கம் கிடந்தது என்றான், கொட்டகைக்கு அப்போது ஜன்னலே வைக்கவில்லை என்று இவருக்கு ஒரு ஞாபகம். இரண்டையும் அறுத்துவிட்டால்? சட்டம் குட்டையாகிவிடும், புதுப் பலகை வரவேண்டும், விலாச் சட்டங்களை ஒவ்வொன்றாகக் கழற்றவேண்டும், இன்னும் ஒன்றரை வருஷம்… நல்ல ஒட்டாக இருந்தால் அதை எதற்கு அறுப்பது? இல்லாவிட்டால், மேலே போனபிறகு தெரிந்து என்ன பிரயோஜனம்? பயமாக இருந்தது, அறுக்கப் பயமா பறக்கப் பயமா என்பதுதான் பிடிபடவில்லை.

மூடிரலாம் நேசம் என்று சொல்லிவிட்டார், வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தாள், துணியில் வைக்கவில்லை. ஒரு வாரமாக இவர் வாய்க்குள் முனகியதெல்லாம் அவள் காதில் விழாமலா இருந்திருக்கும்.

"ரெண்டு சீட்டுல ஒண்ணு எனக்குன்னு சொல்லித்தானே தொடங்கினிய? நானும் ஏறுவேன்னு நெனச்சுதான் மூடச் சொல்லுதியளா?"

ஆமா என்று சொல்ல வாயைத் திறந்தார். அவளும் ஏறுவாள், அதிலென்ன சந்தேகம், இந்த நாலு வருஷத்தில் எத்தனை நூறு தடவை மனசுக்குள் பறந்திருக்கிறார், இரணியல் தண்டவாளத்துக்கு மேலே, சிதறால் பாறைக்கு மேலே, வள்ளங்களெல்லாம் சின்னதாகத் தெரிய இனயம் கரைக்கு மேலே, வலது கையில் விமானத்தைத் திருப்பும் ஸ்டிக், இடது பக்கம்… இடது பக்கம் திரும்பிப் பார்த்ததாகவே இல்லையே, இப்போது பார்த்தால் அந்தச் சீட் காலியாகக் கிடக்கிறது, ஒரு தடவைகூட அவள் அதில் உட்கார்ந்ததில்லை, ஞானம் கிளாம்பைத் தொடுவதற்கு முன்னாலும்கூட, அந்த முதல் வருஷம் முழுக்க. அப்போது இருந்த ஒட்டெல்லாம் இவர் கை ஒட்டியதுதானே?