நாற்பத்திரண்டாம் எண் பூட்ஸ்

“பூட்டைத் திறங்க சார். பதினோரு மணிக்கு வண்டி வந்துடும். அப்பாவை வெறுங்காலோட அனுப்ப மாட்டேன்.”

காப்பாட்சியர் கண்ணாடிப் பேழையை முதுகால் மறைத்துக்கொண்டார். உள்ளே, சிவப்பு வெல்வெட்டின் மேல் பழைய தோல் பூட்ஸ். ‘இளமையில் தலைவர் வயலில் உழைத்தபோது அணிந்தவை’ என்றது அட்டை.

“அரசாங்கப் பதிவேட்டுல நாற்பத்திரண்டாவது பொருள்மா இது. எடுத்தா என் வேலை போயிடும்.”

“அது பெரியப்பாவோடது இல்ல. அப்பாவோடது. நேத்து சாயங்காலம்தான் சொன்னார். ‘போறப்ப என் பூட்ஸை மாட்டி விடு’ன்னு இந்தக் கூடத்தைக் கை காட்டினார்.”

முப்பது வருடங்களுக்கு முன் இந்தப் பண்ணை வீடு நினைவில்லமானது. அண்ணன் நாட்டை ஆளப் போனபின் நிலத்தைப் பார்த்துக்கொண்ட தம்பிக்குப் பின்பக்கம் இரண்டு அறைகள் மிஞ்சின. அப்பா அங்கேயே இருந்தார். அங்கேயே இன்று விடியலில் போனார்.

அத்தை வாசற்படியில் வந்து நின்றாள். தலைவருக்கும் தங்கை, செத்தவருக்கும் தங்கை.

“பதினாறு வயசுல ஊரை விட்டுப் போனவன்யா எங்க பெரியண்ணன். அவன் பூட்ஸ் எப்படி இப்படித் தேயும்? நினைவில்லம் அமைக்க வந்த ஆளுங்க கொல்லைக் கதவுகிட்ட கிடந்ததை அள்ளிட்டு வந்து இங்க வச்சுட்டாங்க.”

“அவர் ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?”

“நானும் கேட்டேன். ‘அண்ணன் பேர்ல இருந்தா கும்பிடுறாங்க, என் பேர்ல இருந்தா குப்பையில போடுவாங்க’ன்னு சிரிச்சான்.”

காப்பாட்சியர் சிரிக்கவில்லை. தினமும் இந்தப் பேழை முன்னால் நின்று, ‘இந்தக் கால்கள்தான் ஒரு தேசத்தையே நடத்திச் சென்றன’ என்று முழங்குவார். கூட்டத்தின் கடைசியில் நிற்கும் பின்னறைக் கிழவர், “பின்னாடி கேக்கல சார், இன்னும் சத்தமா” என்பார்.

“இடது பூட்ஸைப் பாருங்க சார். அப்பாவுக்கு அந்தக் கால்ல கட்டைவிரல் கிடையாது. ஏர்க்கொழு வெட்டிடுச்சு. நுனி காலியா இருக்குன்னு துணி அடைச்சுதான் போட்டுக்குவாராம்.”

சாவி திரும்பியது. காப்பாட்சியர் இடது பூட்ஸுக்குள் கையை விட்டார். விரல்கள் நுனியில் போய் நின்றன. மெல்ல வெளியே இழுத்தார்.

கல்லாய் இறுகிப்போன சாக்குத் துணி உருண்டை.

பூட்ஸை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பின்னறைக்கு நடந்தார். கட்டிலருகே மண்டியிட்டார். மகள் குனிவதற்குள் அவரே மாட்டிவிட்டார். தோலின் ஒவ்வொரு மடிப்பும் தன் இடத்தைக் கண்டுகொண்டதுபோல் உட்கார்ந்தது.

அவர் எழுந்திருக்கவில்லை.

“சார், வண்டி வந்துடுச்சு.”

“ஒரு நிமிஷம்மா.” கயிற்றை இன்னொரு முறை இறுக்கிக் கட்டினார்.

அப்பாவை முன்கூடத்தின் வழியாகவே கொண்டுபோனார்கள். வாசலில் வரிசையில் நின்ற பார்வையாளர்கள், யாரும் சொல்லாமலே விலகி வழிவிட்டார்கள்.

அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். வெயில்பட்டு வெளுத்த வெல்வெட்டில் வெளுக்காத இரண்டு தடங்கள் மட்டும் அடர்சிவப்பாக இருந்தன. காப்பாட்சியர் அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். இடது தடத்தின் நுனியில் அந்தத் துணி உருண்டையை வைத்தார். பேழையைப் பூட்டினார்.