இடது கையில் பேரிக்காய், வலது கையில் நாவல்

என் வாசனை போன வியாழக்கிழமை தீர்ந்துபோனது. அன்று மாலை என் மனைவி வளர்மதி கதவைத் திறந்து, தண்ணீர் கேன் போட வந்தவரா என்று கேட்டாள். பிறகு மரியாதையாகக் கதவைச் சாத்தினாள். நான்கு நாட்களாக மாடிப்படியில் படுத்துக்கொள்கிறேன். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. வாசனையில்லாதவரை யாரும் வீட்டுக்குள் விடுவதில்லை.

திங்கட்கிழமை வாசனைக் கடைக்குப் போனேன். வாசலிலிருந்து கவுன்டர்வரை இருபது நிமிட நடை. பாதி வழியில் நாற்காலி போட்டிருந்தார்கள். கவுன்டரில் ரெஜினா என்ற பெண் நின்றிருந்தாள்.

"என்னுடையதில் ஒரு பழம் இருந்தது. ஒரு மரமும்" என்றேன்.

"அப்பிடி ரெண்டுதான் இருக்கு சார். பேரிக்காய்-சந்தனம், நாவல்-தேக்கு. ரெண்டுமே கடைசி பாட்டில்."

முதலாவதை என் இடது மணிக்கட்டில் அடித்தாள். இரண்டாவதை வலதில். நடுவே மூக்குக்கு ஓய்வு வேண்டுமென்று ஒரு கிண்ணம் காபிக்கொட்டையை நீட்டினாள்.

இடது கை மெல்ல இனித்தது. பிறகு யாரோ ஒரு பீரோவைத் திறந்தார்கள். வலது கையை முகர்ந்ததும் என் நாக்கு ஊதாவாகியது. பின்னால் மழையில் ஒரு கதவு ஊறிக்கொண்டிருந்தது. இரண்டும் நன்றாக இருந்தன.

"இதில் நான் எது?"

"உங்களுக்கு எப்பிடி சார் தெரியும்? வீட்டாளுங்களக் கூப்பிடுங்க. மாத்தி வாங்கினா வேற வீட்டுல வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க. போன மாசம் ஒருத்தரு போயிட்டாரு."

"திரும்பி வந்தாரா?"

"எதுக்கு வருவாரு? அங்க மாடி வீடு."

வளர்மதிக்குப் போன் செய்து, உங்கள் கணவரின் வாசனை கடையில் இருக்கிறது என்றேன். நான் போனை வைப்பதற்குள் வந்துவிட்டாள். என் இடது மணிக்கட்டை முகர்ந்தாள். கண் கலங்கியது.

"இவருதாங்க. இவரேதான்."

"நான்தான், வளர்."

வலது மணிக்கட்டையும் முகர்ந்தாள். கையை விட்டுவிட்டாள்.

"உங்க மேல தேக்கு அடிக்குதேண்ணா. எங்க வீட்டுக்காரர் மேல தேக்கு அடிச்சதே இல்ல."

"அது ஒப்பிட்டுப் பார்க்க அடித்தது."

"தப்பு என்னோடதுதான் சார். அட்டையில அடிச்சிருக்கணும். அட்டை தீர்ந்துபோச்சு" என்றாள் ரெஜினா.

"கழுவினால் போகுமா?"

"போகாது சார். நல்ல சரக்கு."

வளர்மதி பேரிக்காய்-சந்தனத்தை வாங்கிப் பையில் வைத்தாள். "தேடிக் கண்டுபிடிச்சதுக்கு ரொம்ப நன்றிங்கண்ணா. சாப்பிட்டீங்களா?"

பதில் சொல்வதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். நானும் பின்னால் நடந்தேன்.

பஸ் ஸ்டாப்பில் பாட்டிலைத் திறந்து, தன் பக்கத்திலிருந்த காற்றில் இரண்டு முறை அடித்தாள். சரியாக என் தோள் உயரத்தில்.

"நாலு நாளா எங்க போனீங்க? ஒரு போன் பண்ணக் கூடாதா?"

பதிலைக் கேட்டாள். சிரித்தாள். அப்படிச் சிரிக்க வைக்க நான் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

பஸ் வந்தது. இரண்டு டிக்கெட் வாங்கி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. உட்காரக் குனிந்தேன்.

"ஆள் இருக்குண்ணா" என்றாள்.

மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன், அவரிடமும். எங்கள் ஸ்டாப் வரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.