கதவுக்கு மேலே பிள்ளையார்

"அப்பா, பிள்ளையாரைக் கழட்டுங்கோ."

அந்த ஒன்றை மட்டும் வாய் திறந்து கேட்டுவிடாதே என்று அம்மா யோகம் விடியற்காலையே கெஞ்சாத குறையாகச் சொல்லியிருந்தாள். கம்சனா கேட்டேவிட்டாள்.

அப்பா குணசேகரம் ஒழுக்கை அடைக்கும் சிலிக்கன் பசைக் குழாயும் கையுமாகத் திரும்பினார். ஜெர்மனியின் ஹம் நகரில், அவர்கள் வீட்டு வாசலில் நின்ற பழைய வோன்மொபிலுக்குள் இருந்தார்கள். படுக்கையும் அடுப்பும் உள்ள, கம்சனாவைவிடப் பதினைந்து வயது மூத்த வாகனம். திங்கட்கிழமை அவள் டார்ம்ஸ்டாட்டில் வேலையில் சேர வேண்டும். வீடு கிடைக்கும்வரை இதில் தங்கட்டும் என்று அவரே அலைந்து வாங்கியது. வாங்கிய கிழமையே, ஏறும் கதவின் மேற்சட்டத்தில் உட்பக்கமாக, நல்ல நேரம் பார்த்துப் பித்தளைப் பிள்ளையாரை இரண்டு நீளத் திருகாணிகளால் பூட்டினார். அடுத்த மழைக்கே தண்ணீர் உள்ளே வந்தது. மூன்று மாதமாக வந்துகொண்டே இருக்கிறது. கதவடிப் பலகை ஊறி, மிதித்தால் பாண் மாதிரி அமுங்கியது.

"விசரே உனக்கு?"

"சும்மா சொல்லேல்லை. பாருங்கோ."

கடதாசித் துண்டு ஒன்றை இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினாள். கீழே இழுத்தாள், வரவில்லை. நடுவில் இழுத்தாள், கிழிந்தது. மேல் மூலையில் வழுக்கிக்கொண்டு வந்தது. கதவைத் திறந்து, வெளிச்சட்டத்து ரப்பரை விரலால் விலக்கினாள். திருகாணியின் முனை முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தது.

"உதுதான் ரப்பரைத் தள்ளுது. கதவு எப்பிடி ஒட்டும்? பத்து நிமிசம் கழட்டித் தாங்கோ. கட்டை ஸ்குரூ போட்டு அதே இடத்திலை வைக்கிறன்."

"வைச்ச சாமியைக் கண்டபடி கழட்ட ஏலாது. ஐயரைக் கேட்டனான். பத்தொன்பதாம் திகதிதான் வர நாள் எண்டு டேர்மின் தந்திருக்கிறார்."

"எனக்கு வேலை திங்கக்கிழமை!"

வெளியே படியருகே நின்ற மகேந்திரராஜா மாமா சிரித்தார். தெருவில் யார் வீட்டில் ஒழுகினாலும் சிலிக்கனோடு வந்து நிற்பவர். "அத்தான், எங்கடை குடும்பத்திலை முதல் இஞ்சினியர். உவ சொன்னாப் பிள்ளையாரும் எழும்பி நிக்கத்தான் வேணும்."

"மாமா, நீங்கள் பூசினது நாலு ரியூப். ஒண்டாவது பிடிச்சதே?"

"ஈரத்திலை பூசினாப் பிடியாது, பிள்ளை."

"ஈரம் எங்கையிருந்து வருது எண்டுதானே சொல்லுறன்!"

ஐந்து வருடம் இயந்திரவியல் படித்தவளின் சொல்லுக்கு அந்தக் குழாய்க்கு இருந்த மதிப்புக்கூட இல்லை. அப்பா கெட்டவராக இருந்தால் சண்டை பிடித்துத் தீர்க்கலாம். அவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாதென்றுதான் பிள்ளையாரையும் வைத்தார், சிலிக்கனையும் பூசுகிறார். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாமா உள்ளே ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினார். இருவருமாக இடுக்கு முழுக்கச் சிலிக்கனைப் பிதுக்கத் தொடங்கினார்கள். கம்சனா கைபேசியை எடுத்தாள். கூடப் படித்த லிசா, டார்ம்ஸ்டாட்டில் தன் அறையில் இடம் தருகிறேன், வருகிறாயா என்று நேற்றே கேட்டிருந்தாள். இன்றைக்கே வருகிறேன் என்று கம்சனா எழுதி அனுப்பினாள்.

"முடிஞ்சுது." அப்பா முகமெல்லாம் வெற்றியோடு கையைத் துடைத்தார். "நாளைக்குக் காலமைவரை ஒருத்தரும் உந்தக் கதவைத் திறக்கப்படாது. ட்ரைவர் பக்கத்தாலை இறங்கு."

படுக்கையில் கிடந்த பையை எடுத்துத் தோளில் போட்டாள். "ரயிலிலை போறன், அப்பா."

"எங்கை?"

கதவைத் தோளால் இடித்தாள். காயாத சிலிக்கன் நூல் நூலாக இழுபட்டு அறுந்தது. பிள்ளையார் அசையவில்லை. அவள் இறங்கி நடந்தாள்.